பொது அறையை எங்கே வைப்பது?

(சங்கத்தின் மாதக் கூட்டத்தில், கட்டட வரைபடப் பணியில் நீண்ட காலம் இருந்த உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரை. ஒலிப்பதிவிலிருந்து எழுதி, சிறிது சுருக்கித் தருகிறோம்.)

தலைவர் அவர்களே, சங்கத்தின் பொறுப்பாளர்களே, ஷிப்டு முடித்து வீட்டுக்கும் போகாமல் நேரே இங்கே வந்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே, வீட்டில் எல்லாருக்கும் சோறு போட்டுவிட்டுக் கடைசியாக வந்து பின்னால் நிற்கும் தாய்மார்களே!

இந்தச் சுவரில் ஒட்டியிருக்கும் தாளைப் பாருங்கள். நம் குடிசைகள் இருக்கும் இடத்தில் எழப்போகும் கட்டடங்களுக்கு பில்டர் தரப்பு அனுப்பியிருக்கும் வரைபடம் இது. வந்த நாளிலிருந்து எல்லாரும் இதன் முன்னால் நின்று பார்த்துவிட்டீர்கள். எல்லாரும் தேடியது ஒன்றைத்தான்: என் வீடு எந்த மாடி, என் கழிப்பறை எந்தப் பக்கம், என் ஜன்னல் எதைப் பார்க்கிறது? நாற்பது ஆண்டுகள் தகரத்துக்குக் கீழே வாழ்ந்து, விடியுமுன் பொதுக் கழிப்பறை வரிசையில் நின்றவர்கள் வேறு எதைத் தேடுவார்கள்? அதில் குற்றம் சொல்ல எனக்கு வாய் வராது.

ஆனால் தாளின் இடது கீழ் மூலையை யாராவது பார்த்தீர்களா? பம்பு அறைக்கும் மீட்டர் அறைக்கும் பின்னால் இரண்டு சிறு கட்டங்கள் இருக்கின்றன. ஒன்றில் 'பால்வாடி' என்றும், மற்றொன்றில் 'வெல்ஃபேர் ஹால்' என்றும் எழுதியிருக்கிறது. அவற்றின் ஜன்னல்கள் சுற்றுச்சுவரைப் பார்க்கின்றன. அங்கே போக வேண்டுமானால் இரண்டாவது கட்டடத்தைச் சுற்றிக்கொண்டு, குப்பைத் தொட்டியைத் தாண்டிப் போக வேண்டும். நான் எத்தனையோ ஆண்டுகள் இப்படிப்பட்ட தாள்களை வரைந்து பிழைத்தவள். ஒரு அறையை அந்த மூலையில் வரைகிறார்கள் என்றால் அதன் பொருள் எனக்குத் தெரியும். விதி கேட்கிறது, அதனால் வரைகிறோம்; யாரும் வரப்போவதில்லை, அதனால் இங்கே வரைகிறோம். இதுதான் பொருள்.

இன்றைக்குத் தலைவர் எனக்குக் கொடுத்த தலைப்பு 'கூட்டுக் குடியிருப்பும் பொது அறைகளும்' என்பது. வெளிநாட்டுக் கதைதானே என்று நினைக்க வேண்டாம். அந்தக் கதை இந்த மூலையில் வந்துதான் முடியப் போகிறது.

டென்மார்க் என்ற நாடு மும்பையின் மக்கள்தொகையில் பாதிகூட இல்லாத சிறிய நாடு. அங்கே 1960களில் வசதியான நடுத்தரக் குடும்பங்களுக்கு ஒரு குறை வந்தது. தனித்தனி வீடு இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, ஆனால் பக்கத்து வீட்டுக்காரன் முகம் தெரியவில்லை. அம்மாவும் வேலைக்குப் போகிறாள், பிள்ளையைப் பார்க்க ஆளில்லை. 1964இல் யான் குட்மண்ட்-ஹோயர் என்ற கட்டடக் கலைஞர் நண்பர்களைச் சேர்த்துக்கொண்டு, வீடுகள் தனியாகவும் நடுவே ஒரு பொது வீடு எல்லாருக்குமாகவும் இருக்கும்படி ஒரு குடியிருப்புக்குத் திட்டம் போட்டார். அக்கம்பக்கத்தார் எதிர்த்தார்கள், திட்டம் கைவிடப்பட்டது. 1967இல் போடில் கிராய் என்ற பெண் எழுத்தாளர் அங்கே ஒரு நாளிதழில் கட்டுரை எழுதினார். ஒவ்வொரு குழந்தைக்கும் நூறு பெற்றோர் வேண்டும் என்பது அதன் தலைப்பின் கருத்து. அதைப் படித்தவர்களும் முதல் முயற்சியில் தோற்றவர்களும் ஒன்று கூடினார்கள். 1972இல் கோபன்ஹேகனுக்கு வடக்கே, ஹில்லெரோட் ஊருக்குப் பக்கத்தில், ஸேட்டடாமன் என்ற இடத்தில் 27 குடும்பங்கள் குடியேறின. கூட்டுக் குடியிருப்பு என்று இன்று உலகம் சொல்வது அங்கேதான் தொடங்கிற்று.

'ஒவ்வொரு குழந்தைக்கும் நூறு பெற்றோர்' என்பதைக் கேட்டு நம் பாட்டிமார் சிரிப்பார்கள். நம் சந்தில் ஒரு பையன் சைக்கிளிலிருந்து விழுந்தால் அவன் அம்மாவுக்குச் செய்தி போகுமுன் நாலு வீட்டு மஞ்சள் அவன் முழங்காலில் இருக்கும். (சிரிப்பு) வெள்ளைக்காரன் பட்டம் வாங்கிப் படித்துக் கண்டுபிடித்தது நமக்குத் தகரக் கொட்டகையில் இலவசமாகக் கிடைத்தது. ஆனால் நான் உங்களைப் பெருமைப்படுத்த இதைச் சொல்லவில்லை. இலவசமாகக் கிடைத்தது என்பதால்தான் அதை இழக்கப் போகிறோம் என்பது நமக்குத் தெரியவில்லை. அவனுக்கு அது இல்லாதிருந்தது; அதனால் அதற்கு என்ன அளவு, எத்தனை கதவு, எந்தத் திசை என்று உட்கார்ந்து கணக்குப் போட்டான். நமக்குச் சந்து இருந்தது. சந்துக்கு யாரும் வரைபடம் போடவில்லை. இந்தத் தாளில் சந்து இல்லை, பார்த்தீர்களா? லிப்டு இருக்கிறது.

இன்னொரு செய்தி. 1978இல் அந்த நாட்டில் டிங்கோர்டன் என்ற வாடகைக் குடியிருப்பு கட்டினார்கள். வீடுகளைச் சிறு சிறு கூட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கூட்டத்துக்கும் ஒரு பொது வீடு வைத்தார்கள். அந்தப் பொது வீட்டுக்கு இடம் எங்கிருந்து வந்தது? ஒவ்வொரு வீட்டின் பரப்பிலிருந்தும் பத்தில் ஒரு பங்கை வெட்டி எடுத்துச் சேர்த்தார்கள். இதைப் படித்ததும் சில இளம் கட்டடக் கலைஞர்கள் நம்மிடம் வந்து, "நீங்களும் பத்தில் ஒன்று கொடுங்கள்" என்பார்கள். கொடுக்க நம்மிடம் என்ன இருக்கிறது? எஸ்.ஆர்.ஏ. கணக்கில் வீடு 300 சதுர அடி. அதில் ஆறு பேர், ஒரு தையல் மிஷின், ஊரிலிருந்து வந்த பெரியவர் ஒருவர். இதில் 30 சதுர அடியை வெட்டு என்பவன் அந்த வீட்டில் ஒரு ராத்திரி படுத்துப் பார்க்கட்டும்.

ஆகவே நம் வழி வேறு. வீட்டில் ஓர் அடிகூட விட வேண்டாம். ஆனால் வீட்டுக்கு மேற்கொண்டு விதி நமக்குத் தரும் இடங்கள் இருக்கின்றனவே, அவற்றை விடக்கூடாது. பால்வாடி, வெல்ஃபேர் ஹால், சொசைட்டி ஆபீஸ் ஆகியவை பில்டர் மனமிரங்கித் தரும் தானம் அல்ல. குடும்பங்களின் எண்ணிக்கைக்கு ஏற்ப அவன் கட்டியே தீர வேண்டியவை. அவை எல்லாக் கட்டடங்களுக்கும் எல்லா மாடிகளுக்கும் சமமாகப் பயன்படும் இடத்தில் இருக்க வேண்டும் என்பதும் அந்த விதியின் கருத்துத்தான். பம்பு அறைக்குப் பின்னால் என்பது யாருக்குச் சமம்? பம்பு ஓட்டுகிறவருக்குச் சமம்.

நம் பழைய இருப்பிடங்களையும் கொஞ்சம் நினைத்துப் பார்ப்போம். வொர்லியிலும் நாய்காமிலும் இருக்கும் பி.டி.டி. சால்கள் 1920களில் மில் தொழிலாளிகளுக்காக அரசு கட்டியவை. அறை 160 சதுர அடி. மாடிக்கு 20 அறை, ஒரு கட்டடத்துக்கு 80. நடுவே நீளமான நடை, இரண்டு பக்கமும் கதவுகள், மாடிக்கு மாடி பொதுக் கழிப்பறை. அந்த நடையில்தான் பிள்ளைகள் படித்தார்கள், கிழவர்கள் படுத்தார்கள், வேலைநிறுத்த நாட்களில் கூட்டமும் நடந்தது. இப்போது அவற்றையும் இடித்துக் கட்டுகிறார்கள். வொர்லியில் 2025 ஆகஸ்டில் முதல் தொகுதிக் குடும்பங்களுக்கு 500 சதுர அடி வீட்டின் சாவி கொடுத்தார்கள். நல்லது, வரவேற்போம். அந்த நடையின் அருமையைப் பற்றி உருகி உருகி எழுதுகிறவர்கள் உண்டு. அவர்களில் எத்தனை பேர் அந்த நடையில் வாளி வைத்துத் தண்ணீருக்கு நின்றார்கள் என்று எனக்குத் தெரியாது. தாராவியில் தனியாக வந்த நம் ஆண்களுக்காக ஒரே அறையில் சோறும் படுக்கையுமாக நடந்த பொங்கல் வீடுகளையும் இங்கே சிலர் அறிவீர்கள். ஒருவன் எழுந்து வேலைக்குப் போன பாயில் இன்னொருவன் வந்து படுத்தான். அது கூட்டு வாழ்வு அல்ல, இடமில்லாக் கொடுமை. ஆனால் அந்தக் கொடுமைக்குள்ளும் ஒருவனுக்குக் காய்ச்சல் என்றால் இன்னொருவன் கஞ்சி வைத்தான். கொடுமை போகட்டும், கஞ்சி வைத்தவன் இருக்கட்டும் என்பதற்குத்தான் இந்த அறைகள் வேண்டும் என்கிறேன்.

இனிச் சமையலறை விஷயத்துக்கு வருகிறேன். இதில் கொஞ்சம் அதிக நேரம் எடுத்துக்கொள்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பொது வீட்டின் உயிர் சமையலறை என்பது டென்மார்க்காரர்கள் அனுபவத்தில் கண்டது. நடுவே சமையலறை இல்லாத பொது வீடு காலியாகவே கிடக்கும். ஆனால் சமையலறை வைத்தவர்கள் எல்லாரும் வென்றார்களா? ஸ்டாக்ஹோம் நகரில் 1935இல் ஸ்வென் மார்கேலியுஸ் என்பவர் ஒரு கூட்டு வீடு கட்டினார். அதன் பின்னணியில் இருந்த சிந்தனை ஆல்வா மிர்டால் அம்மையாருடையது. பின்னால் 1955 முதல் 1961 வரை நம் நாட்டில் சுவீடனின் தூதராக இருந்தவர், 1982இல் அமைதிக்கான நோபல் பரிசு பெற்றவர். வேலைக்குப் போகும் பெண்ணை அடுப்பிலிருந்து விடுவிக்க வேண்டும் என்பது அவர் நோக்கம். கீழே ஓர் உணவகம், குழந்தைகளுக்குக் காப்பகம். உணவகத்திலிருந்து ஒவ்வொரு வீட்டுக்கும் சாப்பாடு ஏறிவரச் சிறு லிப்டு. அற்புதமான ஏற்பாடு! ஆனால் கீழே நின்று சமைத்தது யார்? சம்பளத்துக்கு வந்த வேலையாட்கள். மேலே இருந்த பெண்ணுக்கு விடுதலை, கீழே இருந்த பெண்ணுக்குப் பாத்திரம். செலவும் கூடிற்று, காலப்போக்கில் உணவகமும் மூடப்பட்டது. மாஸ்கோவில் 1930இல் நிதித்துறை ஊழியர்களுக்காகக் கட்டி முடித்த நார்கோம்ஃபின் கட்டடத்திலும் பொது உணவுக்கூடம் ஒன்று தனிப் பகுதியாக இருந்தது. புரட்சியின் புதிய வாழ்வுக்கு முன்மாதிரி என்று கட்டினார்கள். அந்த உணவுக்கூடமும் நிலைக்கவில்லை. மேலேயிருந்து ஒருவர் திட்டமிட்டு, "இனி இப்படி வாழுங்கள்" என்று கொடுத்த சமையலறை எங்கே நிலைத்திருக்கிறது?

சுவீடனில் 1970களின் பிற்பகுதியில் ஒரு பெண்கள் குழு இதை மறுபடி எடுத்தது. சம்பளத்துக்கு ஆள் வேண்டாம், நாமே முறை வைத்துச் சமைப்போம் என்றார்கள். 27 வீடு, 54 பெரியவர்கள் என்று வையுங்கள். ஒரு மாலைக்கு இரண்டு பேர் சமைத்தால் ஒருவருக்கு 27 நாளைக்கு ஒரு முறைதான் வேலை. மற்ற 26 மாலையும் உட்கார்ந்து சாப்பிடலாம். இந்தக் கணக்கில் ஆணும் உண்டு என்பதைக் கவனியுங்கள். ஆணை விட்டுவிட்டால் கணக்கு பாதியாகிவிடும். முன்வரிசை அண்ணன்மார் ஏன் திடீரென்று தரையைப் பார்க்கிறீர்கள் என்று எனக்குப் புரிகிறது. (சிரிப்பு)

நாம் உடனே எல்லாரும் ஒன்றாக இராச்சாப்பாடு சாப்பிடத் தொடங்கிவிடுவோம் என்று நான் கனவு காணவில்லை. நம் வீடுகளில் ஷிப்டு வேறு வேறு. ஒருவர் இரவு எட்டுக்கு வருவார், ஒருவர் எட்டுக்குப் போவார். மாவிலிருந்து தொடங்கலாம் என்பது என் யோசனை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் நம் குடியிருப்பில் எத்தனை கிரைண்டர் ஓடுகிறது? நாலு பேர் வீட்டுக்கு ஒரு கிரைண்டர், அது 300 சதுர அடியில் ஒரு மூலையை நாள் முழுக்கப் பிடித்துக்கொண்டிருக்கிறது. பொது அறையில் இரண்டு பெரிய கிரைண்டர், ஒரு நல்ல தொட்டி, தரைக்கு நல்ல வாட்டம், தண்ணீர் ஓட வழி, மின்சாரத்துக்குத் தனி மீட்டர். இவ்வளவும் இருந்தால் வீட்டுக்கு வீடு ஒரு மூலை மிஞ்சும். விற்பதற்கு மாவு அரைக்கிற அக்காமார் நாலைந்து பேர் இங்கே இருக்கிறீர்கள்; உங்களுக்கு அது பட்டறை. 1975இல் இதே நகரத்தில் பிரேமா புரவ் அவர்கள் அன்னபூர்ணா மகிளா மண்டல் தொடங்கியபோது, மில் தொழிலாளிகளுக்கு வீட்டில் சமைத்துப் போட்ட கானாவளிப் பெண்களைத்தான் ஒன்று சேர்த்தார். சமையலும் ஒரு தொழில், அதற்கும் இடமும் கடனும் வேண்டும் என்று பேசிய இயக்கம் அது.

இங்கே ஒரு கேள்வி வரும் என்று தெரியும். யாரும் எழுந்து கேட்க மாட்டீர்கள், ஆகவே நானே கேட்கிறேன். ஒரே கிரைண்டரில் யார் மாவு முதலில்? யார் கை பட்ட பாத்திரம்? திருநெல்வேலியிலிருந்தும் சேலத்திலிருந்தும் விழுப்புரத்திலிருந்தும் ரயிலேறி வந்தபோது பெட்டியில் வேட்டி சேலையோடு சாதியையும் மடித்து வைத்துக்கொண்டு வந்தோம். சந்தில் அது கொஞ்சம் கசங்கிற்று. தண்ணீர்க் குழாய் ஒன்றே என்பதால் வேறு வழியில்லை. இப்போது வீட்டுக்குள் குழாய் வரப் போகிறது. அந்தப் பழைய துணி மறுபடி மடிப்புக் கலையாமல் வெளியே வரும். "உங்களுக்கு ஒரு நேரம், எங்களுக்கு ஒரு நேரம்" என்று ஒருவர் சொல்வார். அன்றைக்கே அந்த அறை செத்தது. ஆகவே குடியேறுமுன், இப்போதே, சொசைட்டியின் தீர்மானப் புத்தகத்தில் எழுதி வையுங்கள்: பொது அறையில் முறை என்பது வீட்டு எண்ணின் வரிசைப்படி, வேறு எந்த வரிசையும் இல்லை. சைவம், அசைவம் என்பதற்கு இரண்டு பாத்திர அலமாரி வைக்கலாம், அது ருசியின் விஷயம். இரண்டு கதவு வைக்கக்கூடாது.

கட்டட விஷயமாகச் சில வார்த்தைகள். சமையல் மேடை சுவரோரமாக மட்டும் இருந்தால் வேலை செய்கிறவர் எல்லாரும் சுவரைப் பார்த்து நிற்பார்கள். நடுவே ஒரு மேடை இருந்தால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்து நறுக்கலாம், பேசலாம். வெளியாள் ஒருவர் வந்தாலும் ஒரு கை கொடுப்பார். அரிவாள்மனைப் பழக்கம் உள்ள பெரியவர்களுக்குச் சாணுயரத்தில் ஒரு திண்ணை விடுங்கள். சமையலறைக்கும் வெளி நடைக்கும் இடையே நல்ல அகலமான ஜன்னல் வேண்டும். கேட்டிலிருந்து லிப்டுக்குப் போகிறவர் கண்ணில் விளக்கும் ஆளும் தெரிந்தால்தான், மூக்கில் ரசம் மணத்தால்தான் உள்ளே வருவார். காஸ் சிலிண்டர்கள் அறைக்கு வெளியே கம்பிக் கூண்டில் இருக்கட்டும். இதை எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது பிள்ளைகள். பால்வாடி என்று எழுதிவிட்டால் காலை பத்து மணி முதல் ஒரு மணி வரை அந்த அறைக்கு உயிர் இருக்கும், பிறகு பூட்டு. அதே அறையில் மாலை ஆறுக்கு மேல் எஸ்.எஸ்.சி. எழுதும் பிள்ளைகள் படிக்க ஏன் கூடாது? 300 சதுர அடியில் டி.வி. ஓடும்போது எந்தப் பிள்ளை கணக்குப் போடும்? ஆனால் படிக்கும் அறையும் கேரம் ஆடும் அறையும் ஒன்றாக இருக்கக்கூடாது. 'பல்நோக்குக் கூடம்' என்று பெரிதாக ஒரே அறையைக் கட்டிவிட்டு, எல்லாவற்றுக்கும் ஆகும் என்பார்கள். என் அனுபவத்தில் அது எதற்கும் ஆகாது. சத்தமாகச் செய்கிறவன் சத்தமில்லாமல் செய்கிறவனை எப்போதும் விரட்டிவிடுவான். பெரிய கூடத்தின் அளவைச் சற்றுக் குறைத்து, இரண்டு சிறிய அறைகளைக் கேளுங்கள். இடையே கண்ணாடி வைத்த கதவு ஒன்று. சமைக்கிற தாய்க்குப் பிள்ளை தெரிய வேண்டும், சத்தம் தெரிய வேண்டாம். இன்னும் ஒன்று: நாலு பக்கமும் டைல்ஸ், மேலே வெறும் கான்கிரீட் என்று கட்டிய அறையில் இருபது பேர் பேசினால் அறுபது பேர் பேசுவது போல எதிரொலிக்கும். பத்து நிமிடத்தில் தலைவலி, எழுந்து போய்விடுவார்கள். ஏன் போனார்கள் என்று யாருக்கும் புரியாது. கூரையிலோ மேல்சுவரிலோ தேங்காய் நார்ப் பலகையோ துணியோ அடித்தால் தீர்ந்துவிடும். செலவு பெரிதில்லை.

வெளிச்சத்தைப் பற்றி நான் நீட்ட வேண்டியதில்லை. கோவண்டி, மான்கூர்ட் பக்கம் நட்வர் பாரேக் காம்பவுண்டிலும் லல்லுபாய் காம்பவுண்டிலும் குடியேறிய உறவினர்கள் நமக்கு உண்டு. கட்டடத்தை ஒட்டிக் கட்டடம், கீழ் மாடிகளில் பகலில் விளக்கு. டாக்டர்ஸ் ஃபார் யூ என்ற அமைப்பு ஆராய்ந்து, வெளிச்சமும் காற்றும் புகாத வீடுகளில் காசநோய் கூடுதல் என்று கண்டது. வீட்டுக்குள் வெயில் வராவிட்டால், பொது அறையிலாவது கிழவர்களுக்கும் கைக்குழந்தைகளுக்கும் காலை வெயில் வேண்டும். இந்தத் தாளில் அந்த அறை வடமேற்கு மூலையில் சுவருக்கு எதிரே இருக்கிறது.

இப்போது சொல்வதைத் தாய்மார்கள் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். சாவைப் பற்றியும் பேச வேண்டும். சந்தில் ஒருவர் காலமானால் என்ன செய்கிறோம்? வாசலில் பெஞ்சு போட்டு, ஐஸ் பெட்டி வைத்து, சந்தையே பந்தலாக்கிவிடுகிறோம். ஊரிலிருந்து மகன் வரும்வரை ஒன்றரை நாள் காத்திருக்கிறோம். ஒன்பதாவது மாடியில் என்ன செய்வோம்? லிப்டில் மனிதன் நின்றுதான் போகலாம். படுத்த மனிதன் எப்படி இறங்குவான்? கட்டிவிட்ட கட்டடங்களில் நாற்காலியில் உட்கார வைத்துக் கட்டி இறக்கியதை நான் பார்த்திருக்கிறேன். உழைத்துக் களைத்த உடம்புக்கு அதுவா மரியாதை? ஆகவே தரைத்தளப் பொதுக் கூடத்தின் கதவு அகலமாக, படியில்லாமல், ஆம்புலன்ஸ் வாசல் வரை வரும்படி இருக்க வேண்டும். முன்னால் பத்தடித் தாழ்வாரம் ஒன்று, உட்காரச் சுற்றித் திண்ணை. ஒரு லிப்டாவது ஸ்ட்ரெச்சர் போகும் அளவில் இருக்கிறதா என்று கேளுங்கள். சாவுக்குக் கட்டிய தாழ்வாரத்தில் கலியாணமும் நடக்கும், தையல் மிஷினும் ஓடும். கலியாணத்துக்கென்று கட்டிய கூடத்தில் சாவை வைக்கத்தான் யாரும் விட மாட்டார்கள்.

ஆக, எங்கே வைப்பது? கேட்டுக்கும் லிப்டுக்கும் நடுவே. வேறு பதில் எனக்குத் தெரியாது. வேலையிலிருந்து வருகிறவன் அதைத் தாண்டாமல் வீட்டுக்குப் போக முடியாத இடத்தில். டென்மார்க்கில் வண்டி நிறுத்தும் இடத்துக்கும் வீடுகளுக்கும் இடையே பொது வீட்டை வைத்தது இந்தக் காரணத்தால்தான். இந்தத் தாளில் அந்த நல்ல இடத்தில் என்ன இருக்கிறது? நாலு கடைகள், சொசைட்டி ஆபீஸ். கடைகள் விற்பனைக்கு. ஆபீஸ் கமிட்டிக்கு. கமிட்டித் தோழர்கள் கோபித்துக்கொள்ளாதீர்கள். மாதத்துக்கு இரண்டு கூட்டம் போடுகிற ஆபீசுக்கு ரோட்டோர ஜன்னல் எதற்கு? பம்பு அறைக்குப் பின்னால் நீங்கள் போய் உட்காருங்கள். (கைதட்டல்) அல்லது ஆபீசையும் கூடத்தையும் ஒட்டினாற்போல் வைத்து நடுவே ஒரு கதவு விடுங்கள். ஆபீசில் ஆள் இருக்கும்போதெல்லாம் கூடம் திறந்திருக்கும்.

சாவி யாரிடம் என்பது அடுத்த சண்டை. பூட்டிய அறை சில மாதத்தில் கிடங்காகிறது, அடுத்த தேர்தலில் கட்சி ஆபீசாகிறது, அல்லது மூலையில் ஒரு சாமிப் படம் முளைத்துக் கோயிலாகிறது. அதற்குப் பிறகு யாராலும் அசைக்க முடியாது. கோயில் வேண்டுமென்றால் கோயிலுக்குத் தனியாகக் கேளுங்கள். மாதவாடகைக்கு விடலாம், சொசைட்டிக்கு வருமானம் என்று ஒரு பேச்சும் வரும். வாடகைக்கு விட்ட பொது அறை திரும்பி வந்ததை நான் பார்த்ததில்லை. பராமரிப்பை இலவசமாக யாரும் செய்ய மாட்டார்கள் என்பதும் உண்மைதான். புனேயில் 1999 முதல் ஸ்பார்க், மகிளா மிலன் அமைப்புகள் கட்டிய பொதுக் கழிப்பறைகளில் பராமரிக்கும் ஆளுக்கென்றே ஓர் அறை சேர்த்துக் கட்டினார்கள். சிறு பிள்ளைகளுக்குத் தனி வரிசையும் வைத்தார்கள். கழிப்பறைக்கே ஒரு கண் வேண்டும் என்றால் கூடத்துக்கு வேண்டாமா? வீட்டுக்கு மாதம் இவ்வளவு என்று ஒரு தொகையை முதல் பொதுக்குழுவிலேயே தீர்மானித்து, துப்புரவு செய்கிறவருக்கு முறையான சம்பளமாகக் கொடுங்கள். அந்த வேலையை இன்ன சாதியார்தான் செய்வார்கள் என்று யாரும் கையைக் காட்டக்கூடாது.

இதே மகிளா மிலன், பைகுல்லா நடைபாதைப் பெண்கள் சேர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள் பலர். 1980களில் அவர்கள் தங்களுக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று தாளில் வரையவில்லை. முழு அளவில் மாதிரி வீடு நிறுத்தி, உள்ளே போய் நின்று, படுத்து, கையை நீட்டிப் பார்த்தார்கள். அப்படித்தான் 14 அடி உயரம் வேண்டும், பரண் போட்டால் ஒரு அறை இரண்டாகும் என்று சொல்ல முடிந்தது. தாளைப் பார்த்து நம்மால் சொல்ல முடியாது. எனக்கே சில சமயம் முடியாது. இன்றைக்கு 'ஆம்' என்று கையெழுத்துப் போடச் சொல்கிற அவசரம் பில்டருக்கு, நமக்கு இல்லை. ஆட்சேபணை எழுதிக் கொடுக்க நமக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

வருகிற ஞாயிறு காலை ஏழு மணிக்கு முனிசிபல் பள்ளி மைதானத்தில் தரைத்தளம் முழுவதையும் உண்மை அளவில் சுண்ணாம்புக் கோடு போடப் போகிறோம். கேட்டு, கடைகள், லிப்டு, பம்பு அறை, அந்த மூலை எல்லாம். தாய்மார்கள் கேட்டில் நுழைந்து, கையில் பையோடு, இடுப்பில் பிள்ளையோடு, லிப்டு வரை நடந்து காட்ட வேண்டும். பிறகு கூடம் இருக்க வேண்டிய இடத்தில் நீங்களே போய் நில்லுங்கள். அந்த இடத்தை நான் அளந்து வரைகிறேன். ஒரு பெரியவரைப் பாயில் படுக்கவைத்து நாலு பேர் தூக்கிக்கொண்டு திரும்ப முடிகிறதா என்றும் பார்ப்போம். படுக்க முன்வருகிறவர் இப்போதே பெயர் கொடுக்கலாம். (சிரிப்பு) சுண்ணாம்பும் அளவு நாடாவும் நான் கொண்டு வருகிறேன். நூல்கண்டு இரண்டு, ஆணி ஒரு கிலோ, ஒரு சுத்தியல் வேண்டும். யார் கொண்டு வருகிறீர்கள் என்று செயலாளரிடம் சொல்லிவிட்டுப் போங்கள்.